கல்லீரலைக் கண்ட அறிஞர் இராமலிங்கசுவாமி

டில்லி அன்சாரி நகர் வழியாகப் பேருந்தில் செல்லும் தமிழ் மாணவர் எவரும், அங்குள்ள ஒரு கட்டடத்தின் பெயரைப் படித்தவுடன் கழுத்தைத் திருப்பி மறுமுறையும் பார்ப்பது வழக்கம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமை அலுவலகம் அது. வி. இராமலிங்கசுவாமி பவன் என்பது அதன் பெயர். வடலூர் வள்ளலாரின் பெயரைத் தலைநகரில், அதுவும் மருத்துவ ஆராய்ச்சிக்குரிய மாளிகைக்கு எவர் சூட்டினார் என்று வந்த புதிதில் நாம் வியப்போம். பிறகு யாரேனும் மூத்த மாணவர் விளக்குவார்: இவர் வள்ளலார் அல்லர், தமிழரும் அல்லர், ஆந்திர நாட்டு ஸ்ரீகாகுளத்தில் பிறந்த மருத்துவ அறிஞர் வுலிமிரி இராமலிங்கசுவாமி என்று. ஆனாலும் நாம் அவரிடம் சிறிது உரிமை கொண்டாடலாம். அவருடைய ஆராய்ச்சி வாழ்க்கையின் இளம் பருவம் நம் நீலகிரியில், குன்னூரில் கழிந்தது.

நான் மருத்துவ மாணவன் அல்லன், வரலாறு படிப்பவன். எனினும் கல்லீரல் மாற்றுச் சிகிச்சையைப் பற்றிப் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதும் இந்நாளில், அந்தச் சிகிச்சைக்கு முன்னால் கேட்கப்பட வேண்டிய கேள்வியைக் கேட்டவரைப் பற்றி எழுதுவோர் குறைவாக இருப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. எவருடைய ஈரல் கெட்டுவிட்டது, எவருடைய ஈரல் கெட்டதுபோலத் தோன்றியும் கெடாமல் இருக்கிறது என்பதே அந்தக் கேள்வி. இராமலிங்கசுவாமி அறுவைச் சிகிச்சை செய்தவர் அல்லர். நோய்கண்ட உறுப்பின் மெல்லிய சீவலை உருப்பெருக்கிக் கண்ணாடியின்கீழ் வைத்து, அங்கு என்ன நடந்தது என்று ஆராயும் நோயியல் துறையைச் சேர்ந்தவர். ஆனால் கத்தியை எடுப்பவருக்கு எங்கே எடுக்க வேண்டும், எங்கே எடுக்கலாகாது என்று சொல்லும் பொறுப்பு இத்துறையினருக்கே உரியது.

1921-ஆம் ஆண்டு ஆகஸ்டு 8-ஆம் நாள் அவர் பிறந்தார். விசாகப்பட்டினத்து ஆந்திர மருத்துவக் கல்லூரியில் பயின்று 1944-இல் மருத்துவப் பட்டமும், 1946-இல் எம்.டி. பட்டமும் பெற்றார். பின்னர் ஆக்ஸ்போர்டு சென்று, வைட்டமின் ஏ குறைவினாலும் சில கொழுப்பு அமிலங்களின் குறைவினாலும் எலிகளின் தோலில் ஏற்படும் மாறுதல்களை ஆராய்ந்தார். 1951-இல் அப்பல்கலைக் கழகத்தின் டாக்டர் பட்டம் கிடைத்தது. எலியின் தோலுக்கும் மனிதனின் ஈரலுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். உண்ணும் உணவு உறுப்பின் அமைப்பை எவ்வாறு மாற்றுகிறது என்பதே இரண்டிலும் அவர் தேடிய பொருள்.

குன்னூரில் அக்காலத்தில் உணவுச் சத்து ஆராய்ச்சி நிலையம் இருந்தது. வெள்ளைக்கார டாக்டர் மக்காரிசன் தொடங்கிய சிறிய ஆராய்ச்சிக் கூடம் வளர்ந்து அந்நிலையமாயிற்று; 1958-இல்தான் அது ஐதராபாத்துக்குப் பெயர்ந்தது. அங்கே நோயியல் அறிஞராக இராமலிங்கசுவாமி பணியாற்றினார். தேயிலைத் தோட்டங்களும் குளிர்ந்த காற்றும் சூழ்ந்த அவ்விடத்தில் அவர் எடுத்துக்கொண்ட பொருள் பசி. வயிறு நிறையச் சோறு தின்றும் புரதம் கிடைக்காத குழந்தையின் உடல் வீங்குகிறது. மயிர் நிறம் மாறுகிறது. ஈரல் பெரிதாகிக் கொழுப்பு மண்டுகிறது. இந்த நோயை ஆப்பிரிக்கப் பெயரால் குவாஷியோர்க்கர் என்று மருத்துவ நூல்கள் வழங்கின. நம் ஊரில் இதற்குத் தனிப் பெயர் தேட வேண்டிய அவசியம் இருக்கவில்லை. ஏழை வீட்டுப் பிள்ளைகளிடத்தே அன்றாடம் காணும் காட்சியாக அது இருந்தது.

1954-இல் அவர் டில்லிக்கு வந்தார். மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணை இயக்குநர் பதவி. அவர் இங்கு வந்த மறு ஆண்டே, கல்லீரல் நோயின் வரலாற்றில் டில்லியின் பெயரை நிலைக்கச் செய்த ஒரு துயரம் நிகழ்ந்தது. அதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

1955-ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் யமுனையில் வெள்ளம் வந்தது. வெள்ளம் வடிந்தபோது ஆறு தன் போக்கை மாற்றிக்கொண்டது. நகரத்துச் சாக்கடையைச் சுமந்துவரும் நஜஃப்கட் கால்வாயின் நீர், குடிநீர் எடுக்கும் வசீராபாத் பகுதியை நோக்கிப் பின்வாங்கிப் பாய்ந்தது. நவம்பரில் சில நாட்கள், தலைநகரத்து மக்கள் தங்கள் கழிவு கலந்த நீரையே குழாயில் பெற்றார்கள். அதிகாரிகள் இதை உணராமல் இல்லை. படிகாரமும் குளோரினும் மிகுதியாகச் சேர்த்தார்கள். அதன் பயனாக டைபாய்டு பரவவில்லை, வயிற்றுப்போக்கும் கூடவில்லை. எல்லோரும் ஆறுதல் கொண்டிருந்த நேரத்தில், ஐந்தாறு வாரம் கழித்து, டிசம்பரில் மஞ்சட் காமாலை வந்தது. ஜனவரி முடிவதற்குள் கண் மஞ்சளாகிப் படுத்தவர்கள் ஏறக்குறைய 29,300 பேர் என்று டாக்டர் ஆர். விசுவநாதன் ஆராய்ந்து 1957-இல் வெளியிட்டார். நுண்கிருமிகளைக் கொன்ற குளோரினுக்கு இந்த வைரஸ் அடங்கவில்லை.

நோய் கண்டவர்களில் பெரும்பாலோர் சில வாரங்களில் தேறிவிட்டார்கள். தேறாமற் போனவர்களில் கருவுற்ற பெண்களே மிகுதி. ஏன் அவர்கள் மட்டும் இப்படி மடிந்தார்கள் என்பதற்கு முழுமையான விடை இந்நாள் வரையில் கிடைக்கவில்லை. அன்று மருத்துவர்கள் அறிந்திருந்த தொற்றுக் காமாலையே இது என்று எல்லோரும் எண்ணினார்கள். அது தவறென்று தெரிய இருபத்தைந்து ஆண்டுகள் ஆயின. டில்லியில் அன்று நோயாளிகளிடம் எடுத்து வைத்திருந்த இரத்த நீரைப் பின்னர் ஆராய்ந்தபோது, பழைய காமாலை வைரஸ் இதற்குக் காரணமன்று என்பது 1980-இல் புலனாயிற்று. 1983-இல் பலாயன் என்ற சோவியத் விஞ்ஞானி, நோயாளிகளின் கழிவிலிருந்து எடுத்ததைத் தாமே உட்கொண்டு நோயை வரவழைத்துக்கொண்டு, புது வைரஸைக் கண்ணால் காட்டினார். இத்தகைய துணிச்சலைப் பாராட்டுவதா, கண்டிப்பதா என்று எனக்குத் தெரியவில்லை. இன்று அதை ஹெப்படைடிஸ் இ என்கிறோம். அமெரிக்க அறிஞர் ராபர்ட் பர்செலுடன் சேர்ந்து, நீரால் பரவும் இந்தக் காமாலையைப் பற்றி 1988-இல் லான்செட் இதழில் தெளிவான ஆய்வுரை எழுதியவர் இராமலிங்கசுவாமி. டில்லிக்கு வந்த மறு ஆண்டு நிகழ்ந்ததைப் பற்றி, முப்பது ஆண்டுகளுக்குப் பின்னரும் அவர் எழுதிக்கொண்டிருந்தார்.

1956-இல் அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகம் சட்டத்தின் வாயிலாகப் பிறந்தது. சுகாதார அமைச்சர் இராஜகுமாரி அமிர்த கௌரின் விடாமுயற்சியும் நியூசிலாந்து நாட்டின் பொருளுதவியும் அதற்குத் துணையாயின. 1957-இல் இராமலிங்கசுவாமி அங்கே நோயியல் பேராசிரியரானார். அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளே அவர் ஆராய்ச்சியின் பொற்காலம் என்பது என் கருத்து. பிற்காலத்தில் வந்த பெரும் பதவிகளைப் பலர் வியந்து பேசுவார்கள். எனக்கு அந்த ஆராய்ச்சிக் கூடத்து ஆண்டுகளே பெரியனவாகத் தோன்றுகின்றன.

முதலில் குரங்குகள். அக்காலத்து மேல்நாட்டு அறிஞர் பலர், வெப்ப நாடுகளில் ஈரல் சுருங்கிக் கட்டிபடும் சிரோசிஸ் நோய்க்குப் புரதக் குறைவே காரணம் என்று கருதினார்கள். ஏழைக் குழந்தையின் ஈரலில் கொழுப்பு சேர்கிறது. அந்தக் கொழுப்பு நாளடைவில் நாராக மாறுகிறது. அதுவே சிரோசிஸ் ஆகிறது. கேட்பதற்குப் பொருத்தமாகத்தான் இருந்தது. இராமலிங்கசுவாமியும் அவர் மாணாக்கர் டாக்டர் எம். ஜி. தேவ் முதலியோரும் வடநாட்டுக் குரங்குகளுக்குப் புரதம் குறைந்த உணவு கொடுத்துப் பார்த்தார்கள். குழந்தைகளிடம் கண்டது போலவே ஈரலில் கொழுப்பு படிந்தது. நல்லுணவு கொடுத்தபோது கொழுப்பு கரைந்தது. ஆனால் சிரோசிஸ் வரவில்லை. 1960-ஐ ஒட்டி வெளியான இந்த ஆராய்ச்சியால், கொழுப்பு வேறு, சிரோசிஸ் வேறு என்பது தெளிவாயிற்று. பசியால் வாடும் பிள்ளையின் ஈரல் மீளக்கூடியது. சோறும் பருப்பும் பாலும் கொடுத்தால் போதும். ஏழையின் உடலை மீளாத உடல் என்று கைவிட்டுவிட இனி எந்த மருத்துவருக்கும் காரணம் இல்லை.

அடுத்தது, அவர் பெயரை அறுவைச் சிகிச்சையாளர்கள் என்றும் மறக்க முடியாதபடி செய்த ஆராய்ச்சி. அதை விளங்கிக்கொள்ளக் கல்லீரலின் அமைப்பைச் சிறிது தெரிந்துகொள்ள வேண்டும். மற்ற உறுப்புகளுக்கு இதயத்திலிருந்து வரும் ஒரே வழியில் இரத்தம் வருகிறது. கல்லீரலுக்கு இரண்டு வழி. குடலும் மண்ணீரலும் அனுப்பும் இரத்தம் எல்லாம் ஒரு பெரிய குழாயில் சேர்ந்து ஈரலுக்குள் நுழைகிறது. ஈரலின் வாயிலில் நுழைவதால் அதை வாயிற் சிரை எனலாம். ஊர்ச் சந்தைக்கு வரும் சரக்கு எல்லாம் சுங்கச் சாவடி வழியாகத்தான் உள்ளே போக வேண்டும் என்பது போல, நாம் உண்பதெல்லாம் ஈரலின் சோதனைக்கு உட்பட்டே உடலுக்குள் செல்கிறது. சாவடி அடைபட்டால் வண்டிகள் பின்னுக்குத் தேங்கும் அல்லவா? அதுபோல ஈரலின் உள்ளே பாதை இறுகினால் இரத்தம் பின்னால் தேங்குகிறது. மண்ணீரல் வீங்குகிறது. உணவுக் குழாயின் அடிப்பகுதியில் சிரைகள் புடைத்து, ஒருநாள் வெடித்து, நோயாளி குடம் குடமாக இரத்தம் கக்குகிறார்.

இப்படி இரத்தம் கக்குவோர்க்குச் சிரோசிஸ் என்பது அன்றைய பாடநூல் முடிவு. சிரோசிஸில் ஈரல் முழுவதும் நாரும் முண்டுமாகி, வேலை செய்யும் அணுக்களே அழிந்துவிடும். அத்தகையவர்க்கு அறுவைச் சிகிச்சை செய்தால் பலர் பிழைப்பதில்லை. ஆகவே மருத்துவர் கையை விரிப்பார்.

டில்லி ஆஸ்பத்திரிகளுக்கு வந்த நோயாளிகளிடம் ஒரு புதிர் இருந்தது. இருபது, முப்பது வயது இளைஞர், பெரும்பாலும் ஏழைகள், குடிப் பழக்கம் இல்லாதவர். இடுப்பளவு வீங்கிய மண்ணீரல். இரண்டு முறை, மூன்று முறை இரத்தம் கக்கியவர். ஆனால் கண்ணில் மஞ்சள் இல்லை. வயிற்றில் நீர் இல்லை. இரத்தம் நின்றவுடன் எழுந்து நடமாடுகிறார். ஈரல் சிதைந்தவர் இப்படி எழுந்து நடப்பாரா? டாக்டர் கே. எல். விக் போன்ற மருத்துவர்கள் நோயாளிகளைப் பார்த்தார்கள். இராமலிங்கசுவாமி அவர்கள் ஈரலைப் பார்த்தார். 1962-இல் வட இந்தியச் சிரோசிஸ் பற்றி அவர்கள் சேர்ந்து எழுதிய கட்டுரையில் இந்தக் கூட்டத்தாரைத் தனியே பிரித்துக் காட்டினார்கள். இவர்கள் ஈரலில் முண்டுகள் இல்லை. வேலை செய்யும் அணுக்கள் செம்மையாக இருக்கின்றன. வாயிற் சிரை கிளைக்கும் இடங்களில் மட்டும் நார் படிந்திருக்கிறது. 1969-இல் டாக்டர் நபீன் நாயக்குடன் சேர்ந்து அவர் எழுதிய கட்டுரை, அந்தச் சிரையின் சிறு கிளைகள் தடித்து அடைபட்டுப் போவதை நுட்பமாக விளக்கியது. அதே ஆண்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் கூட்டிய ஆய்வரங்கில் இந்நோய்க்குச் சிரோசிஸ் அல்லாத வாயிற்சிரை நார்க்கட்டு என்ற பொருளுடைய பெயர் நிலைபெற்றது. ஜப்பானியரும் மேல்நாட்டாரும் இதே நோயை வேறு பெயர்களால் குறித்தார்கள்.

வேறு பெயர் சூட்டியதில் என்ன பெருமை என்று சிலர் கேட்கக்கூடும். அந்தப் பெயர் மாற்றத்தில் ஓர் இளைஞனின் உயிர் இருந்தது. சிரோசிஸ் என்றால் கைவிடப்படுபவன், இந்தப் புதுப் பெயரால் அறுவைச் சிகிச்சைக்குத் தகுதி உள்ளவனாகிறான். அவனுடைய ஈரல் நல்ல ஈரல். பாதைதான் அடைபட்டிருக்கிறது. பாதை அடைபட்டால் மாற்றுப் பாதை வெட்ட வேண்டும். ஊரையே மாற்ற வேண்டியதில்லை.

மாற்றுப் பாதை வெட்டும் கலை ஐரோப்பாவில் 1877-லேயே தொடங்கிவிட்டது. எக் என்னும் ருஷ்ய மருத்துவர் ஒரு நாயின் வாயிற் சிரையைப் பெருஞ் சிரையோடு இணைத்துக் காட்டினார். இரத்தக் குழாய்களைக் கசியாமல் தைக்கும் முறையைப் பிரெஞ்சு அறிஞர் அலெக்சிஸ் காரெல் 1902-இல் வகுத்து, அதன் பொருட்டு 1912-இல் நோபெல் பரிசு பெற்றார். 1945-இல் நியூயார்க்கில் விப்பிளும் பிளேக்மோரும் மனிதரிடம் இந்த முறையைப் பரவலாகச் செய்யத் தொடங்கினார்கள். டில்லியில் இதைக் கற்றுத் தேர்ந்த அறுவைச் சிகிச்சையாளர்கள், மண்ணீரலை எடுத்துவிட்டு அதன் சிரையைச் சிறுநீரகச் சிரையோடு தைத்து இரத்தத்துக்கு வேறு வழி கொடுத்தார்கள். சிரோசிஸ் நோயாளிகளிடம் ஏமாற்றம் அளித்த அதே சிகிச்சை, இந்த நார்க்கட்டு நோயாளிகளிடம் நன்கு பலித்தது. கூலி வேலை செய்து பிழைப்பவன், ஆண்டுக்கு நான்கு முறை ஆஸ்பத்திரிக்கு வர முடியாதவன், ஒரே சிகிச்சையில் நெடுநாள் இரத்தம் கக்காமல் வாழ முடிந்தது. பின்னாளில் குழாய்க் கருவியை வாய் வழியே செலுத்திப் புடைத்த சிரைகளை வளையமிட்டுக் கட்டும் எளிய முறை வந்துவிட்டதால், இப்போது கத்தியின் தேவை குறைந்திருக்கிறது. இந்நோயாளிகளில் மிகச் சிலருக்கு மட்டும் நெடுங்காலம் கழிந்து ஈரல் தளர்ந்து மாற்று ஈரல் தேவைப்படுவதுண்டு.

இந்நோய் ஏன் வருகிறது? குழந்தைப் பருவத்துத் தொற்று என்பாரும், குடிநீரிலும் நாட்டு மருந்திலும் கலந்த பாஷாணம் என்பாரும் உளர். ஐயமறத் தெளிந்த காரணம் இன்னும் இல்லை. வறுமை குறைந்த இடங்களில் நோயும் குறைந்து வருகிறது என்பது மட்டும் கண்கூடு.

மாற்று ஈரலின் கதை இதே ஆண்டுகளில்தான் கடல் கடந்த நாட்டில் நடந்துகொண்டிருந்தது. 1963-இல் அமெரிக்காவின் டென்வர் நகரில் தாமஸ் ஸ்டார்சல் ஒரு குழந்தைக்கு முதன்முறையாக ஈரல் மாற்றினார். அப்பிள்ளை மேசையிலேயே இரத்தம் நிற்காமல் இறந்தது. 1967-இல் அவர் செய்த சிகிச்சையில் ஒரு பிள்ளை ஓராண்டுக்கு மேல் வாழ்ந்தது. கேம்பிரிட்ஜில் ராய் கான் 1968-இல் தொடங்கினார். அன்னிய உறுப்பை உடல் தள்ளிவிடாமல் தடுக்கும் சைக்ளோஸ்போரின் மருந்து 1980-ஐ ஒட்டிப் புழக்கத்துக்கு வந்த பிறகே இச்சிகிச்சை நிலைபெற்றது. நம் நாட்டிலோ முதலில் சிறுநீரகம். 1971-இல் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் அது வெற்றி கண்டது. மூளை இறந்துபட்டால் அதுவே மரணம் என்று ஒப்புக்கொண்டு உறுப்பு தானத்தை முறைப்படுத்திய சட்டத்தை 1994-இல் பாராளுமன்றம் இயற்றியது. 1998 நவம்பரில் டில்லி அப்பல்லோ ஆஸ்பத்திரியில், பிறவியிலேயே பித்தக் குழாய் அமையாத ஒரு குழந்தைக்குத் தந்தை தம் ஈரலின் ஒரு பகுதியை அளித்தார். இந்தியாவில் முதன்முதலாக வெற்றி பெற்ற ஈரல் மாற்றுச் சிகிச்சை என்று அதைக் கூறுவர். தந்தையும் பிள்ளையும் நம் காஞ்சிபுரத்தார். அக்குழந்தை வளர்ந்து தானே மருத்துவம் படித்தது என்பதைக் கேட்டபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்நாளில் இராமலிங்கசுவாமி எழுபத்தேழு வயது முதியவராக இதே டில்லியில் இருந்தார்.

காஞ்சிபுரத்துப் பிள்ளைக்கு வந்தது வேறு நோய். தமிழ்நாட்டு வீடுகளை ஒரு காலத்தில் நடுங்கச் செய்த மற்றொரு பிள்ளை ஈரல் நோய் உண்டு. இந்தியக் குழந்தைச் சிரோசிஸ் என்று மருத்துவர் அதைக் கூறுவர். குலைக்கட்டி என்பது பாட்டிமார் வழக்கு. ஒன்று முதல் மூன்று வயதுக்குள் பிள்ளைக்கு வயிறு பெருக்கும், ஈரல் கல்போல் கெட்டிப்படும், எரிச்சலும் அழுகையும் மிகும், பிறகு மஞ்சள், சில மாதங்களில் முடிவு. ஒரே வீட்டில் அடுத்தடுத்து இரண்டு, மூன்று பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார் இருந்தார்கள். இது ஏழைகளைவிட நடுத்தரக் குடும்பங்களில் மிகுதி என்பது விந்தை. பழைய தமிழ்ப் பத்திரிகைகளைப் புரட்டினால், சென்னை ஜம்மி வைத்தியசாலையின் லிவர் க்யூர் விளம்பரத்தைக் காணாமல் இருக்க முடியாது. அத்தனை விளம்பரத்துக்கு அத்தனை கண்ணீர் பின்னால் இருந்தது.

1880-களில் கல்கத்தாவில் விவரிக்கப்பட்ட இந்நோயின் காரணம் நூறு ஆண்டு வரை பிடிபடவில்லை. உறவில் மணம் செய்வது, தாயின் பாலில் நஞ்சு, வைரஸ் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். தாயின் பாலைப் பழித்த கொடுமை எத்தனை வீடுகளில் நடந்திருக்கும்! இராமலிங்கசுவாமியும் நாயக்கும் இதன் ஈரலை ஆண்டுக் கணக்கில் ஆராய்ந்து, மற்ற எச்சிரோசிஸுக்கும் இல்லாத தனித் தோற்றத்தை வகைப்படுத்தி, 1975-இல் முழுமையான ஆய்வுரை எழுதினார்கள். அப்படித் தெளிவாக வரையறுத்த பிறகே அடுத்த அடி வைக்க முடிந்தது. 1979-இல் அமெரிக்க அறிஞர் ஹான்ஸ் பாப்பரும் நாயக் முதலியோரும் அந்த ஈரல் அணுக்களில் தாமிரம் அளவுக்கு மிஞ்சிக் குவிந்திருப்பதைக் கண்டார்கள். தாமிரம் எங்கிருந்து வந்தது? பூனாவில் ஆராய்ந்தவர்கள் 1983-ஐ ஒட்டி அதற்கு விடை கூறினார்கள். பித்தளை, செம்புப் பாத்திரங்களில் காய்ச்சி வைத்த பசுவின் பாலை, தாய்ப்பாலை விரைவில் நிறுத்திவிட்டுக் கைக்குழந்தைக்குக் கொடுத்ததே காரணம் என்றார்கள்.

நம் பாட்டிமார் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசாமல் புளியும் பாலும் சேர்க்கமாட்டார்கள். தெருவில் ஈயம் பூசுகிறவர் குரல் கேட்டால் அடுக்களையில் உள்ளதெல்லாம் வாசலுக்கு வரும். ஈயம் தேய்ந்த பாத்திரத்தைப் பளபளவென்று துலக்கிப் பால் காய்ச்சிய, பசு வைத்திருக்கும் வசதியான வீட்டில்தான் ஆபத்து. வசதி இல்லாத வீட்டுக் குழந்தைக்குத் தாய்ப்பாலே கிடைத்தது, அது காத்தது. எவர்சில்வர் வந்தது; பித்தளை பரணுக்குப் போயிற்று; 1990-களில் நோய் அரிதாகிவிட்டது. மாற்று ஈரல் இல்லாமல், கத்தி இல்லாமல், பாத்திரத்தை மாற்றியதால் ஒரு பெருநோய் ஒழிந்த அற்புதத்தை மருத்துவ வரலாற்றில் நான் வேறெங்கும் படித்ததில்லை. இந்த ஆராய்ச்சிகள் நடந்த ஆண்டுகளில் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமை இயக்குநராக இருந்தவர் இராமலிங்கசுவாமியே.

பதவிகளையும் சொல்லிவிடுகிறேன். 1969 முதல் 1979 வரை அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தின் இயக்குநர். 1979 முதல் 1986 வரை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமை இயக்குநர். 1965-இல் பட்நாகர் பரிசு. 1986-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினர். 1984 டிசம்பரில் போபாலில் நச்சு வாயு பரவியபோது ஆராய்ச்சிக் கழகத்தின் பொறுப்பு அவர் தலையில் இருந்தது. 1994-இல் சூரத்தில் பிளேக் பீதி எழுந்தபோது அதை ஆராய்ந்த குழுவுக்கு அவரே தலைவர். கழலை நோயைப் பற்றி அவர் செய்தது தனிக் கட்டுரைக்கு உரியது. இமயத்து அடிவாரமான காங்கிரா பள்ளத்தாக்கில் 1956 முதல் சில ஊர்களுக்கு அயோடின் கலந்த உப்பும் சில ஊர்களுக்கு வெறும் உப்பும் வழங்கிப் பார்த்தார்கள். ஆறு ஆண்டுகளில் அயோடின் உண்டவர்களிடையே கழலை பாதியாகக் குறைந்தது. 1962-இல் அரசாங்கம் தேசியக் கழலைத் தடுப்புத் திட்டத்தைத் தொடங்கியது. இன்று நம் விடுதிச் சாப்பாட்டில் சேரும் உப்பிலும் அந்தக் காங்கிரா ஆராய்ச்சி இருக்கிறது.

1996-இல், எழுபத்தைந்து வயதில், யூனிசெஃப் வெளியீடு ஒன்றில் இரு நண்பர்களுடன் சேர்ந்து அவர் ஒரு கட்டுரை எழுதினார். ஆப்பிரிக்காவைவிடத் தெற்கு ஆசியாவில் விளைச்சலும் வருமானமும் தாழ்வில்லை. ஆயினும் இங்கே குழந்தைகள் அதிகம் மெலிந்திருப்பதேன் என்பது அக்கட்டுரை எழுப்பிய கேள்வி. பெண்களின் தாழ்ந்த நிலையே முதற் காரணம் என்று அவர்கள் விடை கண்டார்கள். மெலிந்த தாய்க்கு எடை குறைந்த பிள்ளை பிறக்கிறது. கடைசியில் உண்பவளும் மிச்சத்தை உண்பவளும் அவளே. குன்னூரில் வீங்கிய வயிற்றோடு வந்த பிள்ளைகளிடம் தொடங்கிய விசாரணை, அந்தப் பிள்ளைகளின் தாய்மாரிடம் வந்து சேர ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் ஆயின. ஆய்வுக்கூடத்தில் கற்றதை அடுக்களை வரையில் கொண்டுசெல்லத் தயங்கும் அறிஞர்களிடையே இந்தத் துணிவு எனக்கு மிகவும் பிடித்தது.

2001-ஆம் ஆண்டு மே 28-ஆம் நாள் புது டில்லியில் அவர் காலமானார். அதன்பின் 2011-இல் ஹெப்படைடிஸ் இ நோய்க்குச் சீனா தடுப்பூசி ஒன்றை உருவாக்கி அங்கீகரித்தது. கருவுற்ற பெண்கள் கடைசி மாதங்களில் இந்நோய் கண்டால் நூற்றுக்கு இருபது பேர் வரையிலும் மடியலாம் என்று மருத்துவர் கணக்கிடுகிறார்கள். நஜஃப்கட் கால்வாய் இன்றும் வசீராபாத்துக்குச் சற்றுக் கீழே யமுனையில்தான் கலக்கிறது.